நாங்களும் நாமும்

தமிழிலே தன்மைப் பன்மைக்கு இரண்டு சொற்கள் உண்டு. முன்னிற்பவரை விலக்கிப் பேசும்போது 'நாங்கள்' என்கின்றோம். அவரையும் உளப்படுத்திப் பேசும்போது 'நாம்' என்கின்றோம். ஆங்கிலத்தில் இவ்வேறுபாடு இல்லை, சிங்களத்திலும் இல்லை. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக இதனைக் கரும்பலகையில் எழுதி மாணாக்கருக்கு விளக்கி வருகின்றேன். ஆயினும் இவ்விரு சொற்களுக்கும் இடையே எவ்வளவு தூரம் உண்டு என்பதை நான் அறிந்துகொண்ட இடம் வகுப்பறை அன்று. வெள்ளவத்தையில் நான் குடியிருக்கும் தொடர்மாடியின் தரைத்தளத்தில், கணுக்காலளவு கழிவுநீரில் நின்றுகொண்டு அதனை அறிந்தேன்.

இலக்கியப் பக்கத்தில் இத்தகைய அருவருப்பான விடயத்துக்கு இடமுண்டோ என்று வாசகர் வினவலாம். உண்டு என்பதே என் துணிபு. மணிமேகலையில், கச்சிமாநகர் புக்க காதையின் தொடக்கத்தில், வஞ்சி நகரத்து அகழி பேசப்படுகின்றது. மனைகளில் மகளிர் கூந்தல் கழுவிய நீர் முதலாய பலவகை நீரும் நிலத்தின் கீழ் அமைந்த வழியாக ஓடிவந்து அவ்வகழியிற் கலந்த செய்தியைச் சாத்தனார் சொல்லாமல் விடவில்லை. நிலத்தடி வழிக்குச் சுருங்கை என்றும், நீர் செல்லும் துளைக்குத் தூம்பு என்றும் பெயர். வள்ளுவர் அவையறிதல் அதிகாரத்தின் இறுதிக் குறளில் அங்கணத்தையே உவமைப் பொருளாக எடுத்தாண்டார். நமது அநுராதபுரத்திலே, பழைய மடங்களின் சிதைவுகளிடையே, சிற்ப வேலைப்பாடு அமைந்த சிறுநீர்க் கற்களை இன்றும் காணலாம். முன்னோர் வாய்விட்டுப் பேசிய பொருள் இது. நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு பேசாதிருப்பதனால் அது இல்லாமற் போய்விடாது.

தீபாவளி விடியல்

எங்கள் கட்டடத்தில் ஒன்பது குடும்பங்கள். மேலே நான்கு மாடிகளில், மாடிக்கு இரண்டாக எட்டு வீடுகள். கீழே வாகனங்கள் தரிக்கும் இடமும் அதனை அடுத்து எங்கள் வீடும். நான் தரைத்தளத்தை விரும்பி வாங்கியதற்குக் காரணம் என் தாயார். எண்பத்திரண்டு வயது. படுக்கையோடு இருந்தார். மின்தூக்கி ஓடாத நாளில் அவரை மாடிப்படியில் தூக்கிச் செல்வது யார்?

2023 ஆம் ஆண்டுத் தீபாவளி நவம்பர் 12 ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை வந்தது. விடியற்காலம் நான்கரை மணி இருக்கும். மேல்வீடுகளில் எண்ணெய் முழுக்கு நடந்துகொண்டிருந்தது. சுவருக்குள்ளே குழாய்களில் நீர் இறங்கும் ஓசை கேட்டது. பண்டிகை நாளின் ஓசை அது என்று மகிழ்ந்துகொண்டே படுத்திருந்தேன். சற்று நேரத்தில் எங்கள் குளியலறையிலிருந்து வேறோர் ஓசை எழுந்தது. பெரும்பானையில் உலை கொதிப்பது போன்ற ஓசை. கதவைத் திறந்து பார்த்தேன். தரையில் நீர் வடியும் வாயினூடாக நீர் வடியவில்லை, ஏறிக்கொண்டிருந்தது. சவர்க்கார நுரையும், அரப்பும், இன்னும் எழுதத் தகாதனவும் அதில் மிதந்தன.

நான் துணிகளை அள்ளி வாயிற்படியில் அணை கட்டினேன். பயனில்லை. நீர் கூடத்தைக் கடந்து அம்மாவின் அறைக்குள் புகுந்தது. கட்டிலின் கால்களைச் சுற்றி அது நின்றபோது அம்மா விழித்துக்கொண்டு, "மழையோ, தம்பி?" என்று கேட்டார். "ஓம், அம்மா, மழைதான்" என்றேன். ஒரு பண்டிதன் தன் தாயிடம் அதற்கு மேல் என்ன சொல்லக்கூடும்?

மேல்வீட்டார் எவருக்கும் ஒன்றும் தெரியாது. அவர்களுடைய நீர் எப்போதும்போல் அழகாக இறங்கிச் சென்றது. நான் படியேறிச் சென்று ஒவ்வொரு கதவாகத் தட்டி, நீரைத் திறக்க வேண்டாம் என்று வேண்டினேன். மூன்றாம் மாடியில், மட்டக்களப்பைச் சேர்ந்த இளந்தம்பதியர் குடியிருந்தனர். கைக்குழந்தை உள்ள வீடு அது. கதவைத் திறந்த அந்தப் பெண்ணின் தோளில் குழந்தையும், கையில் குழந்தையைத் துடைக்கும் ஈரத்தாளும் இருந்தன. அதனைக் கண்டதும் என் சினம் எல்லை கடந்தது. "பிள்ளை வளர்க்கிறவர்கள் கண்டதையெல்லாம் குழிக்குள் போடலாமா? கீழே மனிதர் இருக்கிறோம் என்ற நினைவு வேண்டாமா?" என்று, படிக்கட்டு முழுவதும் கேட்கும்படி உரத்துச் சொன்னேன். வகுப்பறையிற் பழகிய குரல், சொல்லவும் வேண்டுமோ?

அவள் மறுமொழி கூறவில்லை. கதவு மெல்லச் சாத்தப்பட்டது. அரை மணி கழிந்தபின் அவளும் கணவனும் கீழே வந்தனர். நீரில் நின்றபடியே, "அம்மாவ எங்கட வீட்டுக்குக் கொண்டு வாங்க, ஐயா. ஓர் அறை சும்மாதான் கிடக்கு" என்றாள். கணவனும், இரண்டாம் மாடியிற் குடியிருக்கும் ஓய்வுபெற்ற வங்கி உத்தியோகத்தரான சிங்கள அன்பரும் அம்மாவை நாற்காலியோடு தூக்கிச் சென்றனர். அன்று அம்மாவுக்குத் தீபாவளி மூன்றாம் மாடியில் நிகழ்ந்தது.

குழாயின் இலக்கணம்

தரைத்தளத்து வீட்டில் மட்டும் ஏன் இந்த நீர் எழுந்தது? இதற்கு விடை மிக எளிது. மாடிக்கு மாடி வீடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பதுபோல், அவற்றின் கழிப்பறைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. எல்லாவற்றினின்றும் வரும் கழிவு, நிறுத்திவைத்த ஒரே குழாயில், பெரும்பாலும் நான்கு அங்குல விட்டமுள்ள குழாயில், இறங்குகின்றது. இறங்கிய நீர் அடியிலே ஒரு வளைவில் திரும்பி, நிலத்தின் கீழ்ப் படுத்திருக்கும் குழாயினூடாக மூடியிட்ட ஒரு குழிக்கும், அங்கிருந்து வீதியிலுள்ள மாநகர சபையின் பெருங்குழாய்க்கும் செல்கின்றது. நிற்கும் குழாயில் அடைப்பு உண்டாவது அரிது. விழும் வேகம் எல்லாவற்றையும் இழுத்துச் சென்றுவிடும். படுத்த குழாயில் அவ்வேகம் தளர்கின்றது. அதன் சரிவு நாற்பது அடி நீளத்துக்கு ஓர் அடியளவு இருத்தல் வேண்டும் என்பது பொதுவிதி. சரிவு குறைந்தாலும், வளைவில் ஏதேனும் சிக்கினாலும் அங்கேதான் கட்டி திரள்கின்றது.

அடைபட்ட குழாயில் மேலிருந்து நீர் வந்துகொண்டேயிருந்தால் அது எங்கே போகும்? மட்டம் உயர்ந்து, மிகத் தாழ்ந்த வாய் எதுவோ அதனூடாக வெளிப்படும். தாழ்ந்த வாய் தரைத்தளத்து வீட்டினுடையது. மேல்மாடியார் நூறு குடம் வார்த்தாலும் அவர்கள் தரை நனையாது. பிழை ஓரிடத்திலும் அதன் பயன் வேறோரிடத்திலும் நிகழும்படி அமைந்த ஏற்பாடு இது. இதனை முன்னறிந்த நல்ல பொறியியலாளர், பல மாடிக் கட்டடங்களில் தரைத்தளத்து வீட்டின் கழிவைப் பொதுக்குழாயோடு சேர்க்காமல், தனிக்குழாய் மூலம் நேரே வெளிக்குழியிற் சேர்ப்பர். எங்கள் கட்டடத்தைக் கட்டியவர் சில அடி நீளக் குழாயை மிச்சம்பிடித்திருந்தார்.

வீதியை அடைந்தபின் கழிவு எங்கே செல்கின்றது என்பதையும் சொல்லிவிடுகின்றேன். கொழும்பின் நிலத்தடிக் கழிவுநீர்க் குழாய்களை அமைக்கும் வேலை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே ஆரம்பமாயிற்று. அன்றைய நகரத்தை எண்ணி வகுத்த அத்தொகுதியின் பழைய பகுதிகளே மாடிமேல் மாடி எழுந்த பின்னரும் சுமையைத் தாங்கி நின்றன. நீர் பம்பிகளால் உந்தப்பட்டு, வடக்கே முகத்துவாரத்திலும் தெற்கே வெள்ளவத்தையிலும் கடலுக்குள் நீண்டு செல்லும் குழாய்களை நாடிச் செல்லும். மாலையிற் காற்று வாங்கக் கடற்கரையில் அமரும் நம்முள் எத்தனை பேர் அதனை எண்ணியிருப்போம்?

மூடி திறந்த நாள்

பண்டிகை நாளிற் குழாய் திருத்துவோர் எவரும் வரவில்லை. மறுநாட் காலையில் ஒருவர் வந்தார். ஐம்பது வயது மதிக்கலாம். நீண்ட கம்பிச் சுருளும், நீரை வேகமாகப் பீச்சும் சிறிய இயந்திரமும் கொண்டுவந்தார். வாகனத் தரிப்பிடத்தின் கீழுள்ள குழியின் மூடியை நெம்பித் திறந்தவர், "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, ஐயா. காத்து வெளிய போகட்டும்" என்று கூறி, நெடுநேரம் விலகி நின்றார். தேங்கிய கழிவில் ஐதரசன் சல்பைட்டு என்னும் நச்சுவாயு உண்டாகும். அது சிறிதாயின் அழுகிய முட்டை போல நாறும். செறிவு மிகுந்தால் மோப்ப உணர்வையே மழுக்கிவிடும். நாற்றம் இல்லை என்று எண்ணி இறங்கியவர்கள் மீளாத கதைகள் பல. அவர் குழிக்குள் இறங்க மறுத்தார். மேலே நின்றே கம்பியைச் செலுத்தினார். அதுவே முறையென்று பின்னர் அறிந்தேன்.

வேலையினிடையே பேசிக்கொண்டிருந்தார். ஆங்கிலேயர் ஆட்சியில் கொழும்பு நகரத் துப்புரவுத் தொழிலுக்கென்று தென்னிந்தியாவிலிருந்து குடும்பங்கள் கொண்டுவரப்பட்டன. அவருடைய பாட்டனார் அப்படி வந்தவர். இல்லாள் தேநீர் கொண்டுவந்து, எங்கள் கோப்பையிலேயே கொடுத்தாள். அந்தக் கணத்தில் என் கை ஒரு நொடி தயங்கியதை மறைக்கமாட்டேன். நான் பிறந்த யாழ்ப்பாணத்தில், ஒருகாலத்தில், சிலருக்குச் சிரட்டையில் தேநீர் வார்த்த கடைகள் இருந்தன. அந்தச் சிரட்டையை நான் கையிற் பிடித்ததில்லை. ஆயினும் அது எனக்குள் எங்கேயோ கிடந்திருக்கின்றது. அவர் தேநீரைக் குடித்து, கோப்பையைத் தாமே கழுவி வைத்தார். ஏன் கழுவினார் என்பது எனக்குத் தெரியும். அதுவே என்னை மிகவும் வருத்திற்று.

நண்பகல் அளவில் கம்பியின் நுனியில் ஏதோ பற்றிக்கொண்டது. இழுத்து வெளியே போட்டார். கயிறு போல முறுகிய நீண்ட திரள். சோற்றுப் பருக்கை, தேங்காய்ப்பூச் சக்கை, தலைமயிர், வெள்ளையாய் இறுகிய கொழுப்பு ஆகிய இவற்றையெல்லாம் ஒன்றாகக் கட்டி வைத்திருந்தவை ஈரத்தாள்கள். தாள் என்பது பெயரளவில்தான். மலசலகூடத் தாள் நீரிற் கரையும். இவற்றுட் பெரும்பாலானவை செயற்கை நார் கலந்து செய்தவை, கரையா. நான் வெற்றிப் பெருமிதத்தோடு, "பார்த்தீர்களா? மூன்றாம் மாடிக் குழந்தையின் வேலை" என்றேன்.

அவர் ஒரு குச்சியால் அவற்றை விரித்துக் காட்டினார். "இது பிள்ளைக்குப் பாவிக்கிறது இல்லீங்க, ஐயா. இது பெருசு, தடிப்பு. படுக்கையில கிடக்கிற நோயாளியைத் துடைக்கிறது. இந்த வளவுல அப்படி யாரும் இருக்காங்களா?"

அவ்வளவுதான். எனக்குப் பேச்செழவில்லை. அம்மாவைப் பராமரிக்க வரும் பெண் ஓராண்டாக நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு தாள்களைப் பாவித்து வந்தாள். அவற்றை மருந்துக்கடையில் மாதந்தோறும் வாங்கி வந்தவன் நான். பாவித்தபின் அவை எங்கே போகின்றன என்று ஒருநாளேனும் நான் கேட்டதில்லை. எங்கள் கழிப்பறைக் குழாயும் அடியிலே அந்தப் படுத்த குழாயிற்றான் சேர்கின்றது. மேல்வீட்டார் கழிவெல்லாம் என் தலையில் விழுகின்றது என்று புலம்பிய நான், அந்தக் கழிவுக்கு அணை கட்டியவனாயிருந்தேன்.

அன்று மாலை மூன்றாம் மாடிக்குச் சென்றேன். அம்மா அங்கே குழந்தையின் விரலைப் பிடித்தபடி கிடந்தார். நடந்ததைக் கூறி, "பிள்ளை, நான் சொன்னது பிழை. பொறுத்துக்கொள்ள வேண்டும்" என்றேன். அவள் அடுக்களை மூலையைக் காட்டினாள். அங்கே மூடியுள்ள ஒரு சிறிய வாளி இருந்தது. "முதல் நாளிலயிருந்து இதுக்குள்ளதான் போடுறன், ஐயா. கீழ அம்மா இருக்கிறா எண்டு தெரியும்தானே" என்றாள்.

வளைவில் தங்கும் நீர்

இது ஒரு வீட்டின் கதை. எல்லை கடந்த கதைகளும் உள. 2017 ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரின் வைட்சப்பல் பகுதியில், நிலத்தடிச் சலதாரையில், 250 மீற்றர் நீளமும் ஏறத்தாழ 130 தொன் நிறையுமுள்ள கொழுப்புத் திரளைக் கண்டனர். அடுக்களையிலிருந்து வார்த்த எண்ணெயும் கொழுப்பும் நீரிலுள்ள கல்சியத்தோடு கூடிச் சவர்க்காரம் போல இறுகி, ஈரத்தாள்களைப் பற்றிக்கொண்டு வளர்ந்த திரள் அது. அதன் துண்டுகளை மறு ஆண்டில் நூதனசாலையிற் காட்சிக்கு வைத்தனர். கறிச்சட்டியைக் கழுவுமுன் எண்ணெயைத் துடைத்தெடுக்க வேண்டும் என்று நம் பாட்டிமார் சொன்னது சும்மா அன்று.

அடைப்பினும் கொடியது ஒன்றுண்டு. கழிப்பறைக்குக் கீழும் தரையிலுள்ள வடிவாய்க்குக் கீழும் குழாய் வளைந்து செல்வதைக் கண்டிருப்பீர்கள். அவ்வளைவில் எப்போதும் சிறிது நீர் தங்கிநிற்கும். 1775 ஆம் ஆண்டில் இலண்டனில் அலெக்சாந்தர் கமிங் என்னும் கடிகாரத் தொழிலாளர் இவ்வளைவுக்கு ஆக்கவுரிமை பெற்றார். இரண்டு மூன்று அங்குல ஆழமுள்ள அந்நீரே, பொதுக்குழாயின் வாயுவும் கிருமியும் நம் வீட்டினுள் ஏறாமற் காக்கும் கதவு. பாவியாத வடிவாயில் அந்நீர் உலர்ந்துபோகும். உலர்ந்தால் கதவு திறந்ததாகும்.

அந்தக் கதவு திறந்தால் நேர்வது என்ன என்பதை 2003 ஆம் ஆண்டில் ஹொங்கொங் கண்டது. கௌலூன் பகுதியில் அமோய் கார்டன்ஸ் என்னும் தொடர்மாடித் தொகுதி உண்டு. முப்பதுக்கு மேற்பட்ட மாடிகள் கொண்ட கட்டடங்கள். சார்ஸ் என்னும் நோய் பரவிய காலத்தில், மார்ச் மாதத்திலே, அந்நோய் கண்ட ஒருவர் அங்குள்ள ஒரு வீட்டுக்கு உறவினரைக் காண வந்தார். வயிற்றுப்போக்கும் இருந்தமையால் அவ்வீட்டுக் கழிப்பறையைப் பாவித்தார். சில வாரங்களுள் அத்தொகுதியில் முந்நூற்றுக்கு மேற்பட்டோரை நோய் பற்றியது. நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஒரு கட்டடத்து மக்கள் அனைவரையும் அரசாங்கம் வெளியேற்றித் தனிமைப்படுத்த நேர்ந்தது. விசாரணை செய்தோர் பல வழிகளை ஆராய்ந்தனர். அவற்றுள் முக்கியமான ஒன்று, குளியலறைத் தரையிலுள்ள வடிவாய்களில் நீர் உலர்ந்து கிடந்தமை. தரையை நீர் ஊற்றிக் கழுவாமல் ஈரத்துணியால் துடைத்து வந்தமையால் வளைவிலே நீர் சேரவில்லை. காற்றை வெளித்தள்ளும் விசிறிகள் சுழன்றபோது, பொதுக்குழாயிலிருந்த நுண்துளிகள் வீட்டுக்குள் இழுக்கப்பட்டன என்று கண்டனர்.

ஒரு செம்பு நீர்! வாரத்துக்கு ஒருமுறை பாவியாத வடிவாயில் ஒரு செம்பு நீர் வார்த்தால் அக்கதவு சாத்தியிருக்கும். ஒருவர் முகத்தை ஒருவர் அறியாத மக்கள் ஒரு குழாயினால் உறவினராயிருந்தனர். அவ்வுறவை நோய் அறிந்தது, மக்கள் அறிந்திலர்.

தனிக்குழி என்னும் மயக்கம்

"ஊரில் இந்தத் தொல்லையெல்லாம் இல்லை, அவரவர் வளவு, அவரவர் குழி" என்று அம்மா அடிக்கடி சொல்வார். 1995 ஆம் ஆண்டு இடப்பெயர்வோடு நாங்கள் விட்டுவந்த வளவில், கிணறு ஒரு மூலையிலும் கக்கூசு மறுமூலையிலும் இருந்தன. நானும் அந்தச் சொல்லை நெடுங்காலம் நம்பினேன். யாழ்ப்பாணத்து மண்ணின் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல். பிளவும் குகையும் மலிந்த கல் அது. என் குழியிலிருந்து கசிவது அக்கல்லினூடாக அயலவன் கிணற்றை அடையும். அவன் குழியிலிருந்து கசிவது என் கிணற்றை அடையும். குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்றும் மலக்கிருமியும் காணப்பட்டமைக்கு இது ஒரு காரணம். தோட்டங்களுக்கு இட்ட உரம் மற்றொன்று. வேலி நிலத்தின்மேல் இருந்தது. கீழே வேலி இல்லை. ஊரிலும் பொதுக்குழாய் இருந்தது. அது கண்ணுக்குத் தெரியவில்லை என்பதே வேறுபாடு.

போயா நாட் கூட்டம்

இனிக் கூட்டத்துக்கு வருகின்றேன். அடுத்த போயா விடுமுறையன்று, மொட்டைமாடியில், நீர்த்தாங்கிகளின் நிழலில், ஒன்பது குடும்பத்தாரும் கூடினோம். பத்தாண்டு காலத்தில் அதுவே முதற் கூட்டம். குழாய் திருத்திய கூலியை யார் கொடுப்பது என்பதே கேள்வி.

நான்காம் மாடியார், "நாங்கள் அப்படி எதையும் போடுவதில்லை" என்றனர். முதலாம் மாடியார், "நாங்கள் பாதி நாள் வெளிநாட்டில்" என்றனர். "நாங்கள் வாடகைக்கு இருப்பவர்கள்" என்றார் ஒருவர். "அடைப்பு கீழே ஏற்பட்டது, கீழ்வீட்டார் பார்த்துக்கொள்ளட்டும், நாங்கள் ஏன்?" என்றார் இன்னொருவர். எத்தனை 'நாங்கள்'! இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஒவ்வொருவரும் முன்னிருந்தவரைச் செவ்வையாக விலக்கியே பேசினர்.

இரண்டாம் மாடி அன்பர் ஒரு சட்டநூலைக் கொண்டுவந்திருந்தார். மாடிமனைகளின் உடைமை பற்றிய 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டம் நம் நாட்டில் உண்டு. பின்னர் பலமுறை திருத்தப்பட்டது. வீட்டை வாங்குபவர் வீட்டை மட்டும் வாங்குவதில்லை. பொதுவான பகுதிகளிலும் பிரிக்க முடியாத ஒரு பங்கை வாங்குகின்றார். அப்பகுதிகளைப் பேணும் கடமை, உடைமையாளர் அனைவரும் சேர்ந்த முகாமைக் கூட்டுத்தாபனத்துக்கு உரியது. அதற்கு ஒவ்வொருவரும் பங்குப்பணம் செலுத்த வேண்டும். இலக்கணநூலார் ஆறாம் வேற்றுமையின் கிழமைப் பொருளைத் தற்கிழமை, பிறிதின்கிழமை என இரண்டாகப் பகுப்பர். என் கை என்பது தற்கிழமை. என் வீடு என்பது பிறிதின்கிழமை. என் கழிவுக்குழாய் என்பது எது? வீட்டைப் போல் விற்றுவிட்டுப் போகலாம் என்று பார்த்தால் பிறிதின்கிழமை; அடைபட்டால் உடம்பு நோவதுபோல் நோவதைப் பார்த்தால் தற்கிழமை. சட்டநூலார் அதனை எல்லார்க்கும் பொதுக்கிழமை ஆக்கிவிட்டனர்.

சட்டத்தைக் கேட்டும் எவரும் அசையவில்லை. அப்போது நான் எழுந்தேன். குழியிலிருந்து எடுத்தவை எவை என்பதையும், அவற்றுட் பெரும்பங்கு எங்கள் வீட்டிலிருந்து சென்றது என்பதையும், குற்றமற்ற ஒருத்தியைப் படிக்கட்டில் நின்று நான் ஏசியதையும் சொன்னேன். தமிழிற் சொன்னதை அரைகுறைச் சிங்களத்திலும் திருப்பிச் சொன்னேன். மூன்றாம் மாடிப் பெண் தலைகுனிந்திருந்தாள். சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பின்னர், நான்காம் மாடியிலுள்ள மூதாட்டியார், "மீன் பொரிச்ச எண்ணெய நானும் தொட்டிக்குள்ளதான் ஊத்துறனான்" என்றார். ஒருவர் சோற்றுப் பருக்கையை ஒத்துக்கொண்டார். ஒருவர் பெயர் கூறத் தகாத ஒன்றை நாணத்தோடு ஒத்துக்கொண்டார். ஒரு மணி நேரத்துக்குள், அந்த முறுகிய திரளில் இருந்தவை அனைத்துக்கும் உரியவர் அகப்பட்டனர். கூலியை ஒன்பதாகப் பகிர்ந்தோம். "இனி நாம் என்ன செய்யலாம்?" என்று மூதாட்டியார் கேட்டார். அன்று கேட்ட முதல் 'நாம்' அதுவே.

செய்தவை பெரியன அல்ல. ஈரத்தாள், பஞ்சு, அணையாடை எதுவும் குழிக்குள் போகாது; ஒவ்வொரு கழிப்பறையிலும் மூடியுள்ள வாளி இருக்கும். எண்ணெயைப் பழைய போத்தலிற் சேர்த்து வைப்போம். அடுக்களைத் தொட்டியின் வாயில் வலை இட்டோம். அமிலம் ஊற்றுவதில்லை, அது அடைப்பை முழுதும் நீக்காமல் குழாயையும் திருத்துவோர் கையையும் புண்ணாக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை குழாயைக் கழுவிக்கப் பொதுப்பணம் சேர்க்கின்றோம். முதற் சேமிப்பிலிருந்து எங்கள் வீட்டுக் கழிவைத் தனிக்குழாய் மூலம் வெளிக்குழியிற் சேர்த்தனர். அதனை நான் கேட்கவில்லை, மேல்வீட்டாரே முன்வந்தனர். மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, முறைவைத்து, ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் மூடியைத் திறந்து, விலகி நின்று, நீர் ஓடுகின்றதா எனப் பார்த்தல் வேண்டும். குழாய் திருத்த வருபவருக்கும் நம் கோப்பையிலேயே தேநீர். கோப்பையைக் கழுவுவது நம் வேலை.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீர் எங்கிருந்து வருகின்றது என்று மாணாக்கருக்குக் கற்பிக்கின்றோம்; முகிலும் மழையும் ஆறும் படமாக வரைகின்றோம். அது எங்கே போகின்றது என்றும் ஒருநாட் கேட்டுப் பாருங்கள். "அப்பாலே போகின்றது" என்பர். நானும் அவ்வாறே எண்ணியிருந்தவன். நம் 'அப்பால்' என்பது வேறொருவர் வீட்டின் 'இப்பால்' என்பதை நான் ஐம்பது வயதுக்கு மேலேதான் கற்றேன். அவர்கள் பத்து வயதிற் கற்கட்டும்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை முறை எங்கள் வீட்டினுடையது. மூடியை நெம்பித் திறந்துவிட்டு, தள்ளி நின்று, பின்னர் எட்டிப் பார்த்தேன். நீர் ஓடிக்கொண்டிருந்தது.